மருதனுக்காக அவள் அழவில்லை

சேகர்,

உன் திருமண அழைப்பிதழ்க் கட்டு வந்து சேர்ந்தது. நான்கு முனைகளிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைத்திருக்கிறாள் உன் தாய். கட்டுடன் நீ அனுப்பியிருந்த துண்டுக் குறிப்பையும் படித்தேன். "முதல் பத்திரிகையை வெள்ளையம்மாள் அத்தைக்கு வையுங்கள்" என்று எழுதியிருக்கிறாய். வேறொரு மகன் எழுதியிருந்தால் அந்த வரியில் பண்பைக் கண்டு மகிழ்ந்திருப்பேன். நீ எழுதியதால் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தாய்மாமன் இருக்கிறார், பெரியப்பா இருக்கிறார். அவர்களையெல்லாம் தாண்டி, இத்தனை ஆண்டுகளில் ஒரு பொங்கலுக்குக்கூட நீ போய்ப் பார்த்திராத என் சித்தப்பா மகளின் நினைவு உனக்கு ஏன் முதலில் வந்தது? காரைக்குடி நீதிமன்றத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் குறுக்கு விசாரணை செய்தவன் நான். கேட்காத கேள்விக்கு ஒருவன் பதில் சொன்னால், அவன் எதையோ மறைக்கிறான் என்பது நான் அறிந்த பாடம்.

இந்தக் கடிதத்தை உறையிலிட்டு உனக்கு அனுப்பாமல் ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் ஆவணப்படமும் உறையிலிட்டு வரவில்லை. அது கொட்டகைதோறும் ஓடியது. அதற்கான பதில் மட்டும் ஏன் உன் மேசை இழுப்பறைக்குள் கிடக்க வேண்டும்? இதில் பேசப்படும் வெள்ளையம்மாளிடம் எழுதலாமா என்று கேட்டு, அவள் சரியென்ற பிறகே எழுதுகிறேன். கேட்பது அவ்வளவு கடினமான செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஒருமுறை நீயும் செய்து பார்த்திருக்கலாம்.

உன்னையும் எங்களையும் அறியாத வாசகருக்காகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளையம்மாளின் கணவர் சோலைமலை, அதாவது உன் மாமா, சைக்கிள் கடை வைத்திருந்தார். ஊர் அவரை அறிந்தது கடையினால் அன்று, மருதன் படங்களினால். ஒரே கதாநாயகன் படத்துக்குப் படம் திரும்பி வந்து, பிடுங்கப்பட்ட நிலத்தை மீட்டு, பச்சைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடும் அந்த வரிசைப் படங்களை நான் ஒருநாளும் மதித்ததில்லை. இதையும் பதிவு செய்துவிடுகிறேன், பாசத்தால் பேசுகிறேன் என்று நீ தப்பித்துக்கொள்ளாமல் இருக்க. படப்பெட்டி இரயிலில் வந்து இறங்கும் நாளில் மேளத்தோடு அதை வண்டியேற்றி ஊர்வலம் வந்த கூட்டத்தைக் கண்டு நான் முகம் சுளித்திருக்கிறேன். கண்டரமாணிக்கத்திலிருந்தும் இளையாத்தங்குடியிலிருந்தும் பச்சைத் துண்டுகளோடு சைக்கிளில் வந்து குவிந்தவர்களுக்குச் சோலைமலை தம் கடைவாசலில் பானகம் கரைத்து ஊற்றுவார். மருதன் இரசிகர் மன்றத்தின் தலைவர் அவர். வெள்ளையம்மாளோ மருதனின் ஒரு படத்தைக்கூடப் பார்த்தவள் இல்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள். வழக்கு இதன்மீதுதான் நிற்கிறது.

மூன்றாவது படத்தின் முடிவில் மருதன் குண்டடிபட்டு இறந்தபோது, மன்றத்தார் செக்காலையிலிருந்து ஊருணிவரை நடந்து போய் மொட்டையடித்துக்கொண்டார்கள். அன்று நான் ஏதோ பத்திரம் பார்க்க அவர்கள் வீட்டில் இருந்தேன். சோலைமலை பளபளக்கும் தலையோடு படியேறினார். வெள்ளையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒங்க அப்பாரு செத்தப்ப அடிக்க மாட்டேன்னு மல்லுக்கட்டுன மொட்டைய இந்தக் கூத்தாடிக்கு அடிச்சுக்கிட்டு வந்திருக்கீகளே, வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

"அப்பாரு திரும்பியா வரப்போறாரு? இவன் அடுத்த படத்துல வந்துருவான் புள்ள. வந்தவன் ‘எனக்கு எவண்டா மொட்ட போட்டான்'னு கேட்டா, என்ன பதிலச் சொல்ல?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, இந்தக் கிறுக்க நீங்களாச்சும் கேளுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. தன்னைத்தானே முதலில் கேலிசெய்துகொள்ளும் ஒரு மனிதனைக் கேலிசெய்ய எனக்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மருதன் அடுத்த படத்தில் வரத்தான் செய்தான்.

இந்த மனிதர்களைப் பற்றித்தான் ஆவணப்படம் எடுக்கப்போவதாகச் சென்னையிலிருந்து நீ எழுதினாய். இரசிகர்களைப் பழிக்காத, புகழாத, உள்ளபடி காட்டும் படம் என்றாய். தமிழ் அறியாத உன் இயக்குநர் கதர்ச் சட்டையும் கனத்த கண்ணாடியுமாக வந்தார். கானாடுகாத்தான் வீடுகளின் தூண்களை அரைநாள் படம்பிடித்தார். அவற்றுக்கும் மருதனுக்கும் என்ன தொடர்பென்று கேட்டபோது "சூழல்" என்றார். ஒலிப்பதிவு உன் பொறுப்பு. நீண்ட கம்பியின் முனையில் சாம்பல் நிறத் துணி சுற்றிய ஒலிவாங்கியை ஏந்திக்கொண்டு நீ நின்ற தோற்றத்தில் உன் தாய்க்குப் பெருமை. ஊரில் யாரும் வாய்திறக்கத் தயங்கியபோது என் பெயரையும் மாமாவின் பெயரையும் சொல்லித்தான் உனக்குக் கதவுகள் திறந்தன. மாமா தம் கடையை உங்களுக்கு அலுவலகமாகவே விட்டுக்கொடுத்தார். அத்தை உங்கள் குழுவுக்கு மதியச் சோறு ஆக்கிப் போட்டாள். இயக்குநர் மாமாவைப் பேட்டி கண்டபோது நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். "மருதன் உண்மையிலேயே இருக்கிறான் என்று நம்புகிறீர்களா?" என்று அவர் கேட்டதை நீ தமிழில் சொன்னாய். மாமா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"இருக்கான்யா! எங்குட்டும் போயிரல. இல்லாட்டி, இம்புட்டுத் தூரம் பெட்டியும் படுக்கையுமா ஆரத் தேடி வந்தீக? இல்லாத பயலயா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். இயக்குநர் சிரிக்கவில்லை, அப்போதே நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாமா எழுந்திருக்கவில்லை. உங்கள் குழு அப்போதும் ஊரில் இருந்தது. நம் பக்கத்தில் கேதம் கேட்பதற்கென்று, அதாவது துக்கம் விசாரிப்பதற்கென்று, ஒரு முறை இருப்பதை நீ அறிவாய். ஆண்கள் வாசல் பந்தலில் அமர்வார்கள்; பெண்கள் உள்ளே ஒருவர் தோள்மேல் ஒருவர் கையைப் போட்டு, தலையோடு தலை சேர்த்து, வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். யார் வந்தாலும், வந்தவரின் பெயரையும் முறையையும் சொல்லி, கிடப்பவரை எழுந்து பார்க்கச் சொல்லுவாள் இழந்தவள். வருகிறவன் இரு கைகளையும் நீட்ட வேண்டும். இழந்தவர் அவற்றைத் தொட வேண்டும். வார்த்தை வேண்டியதில்லை, அந்தத் தொடுகைதான் கேதம். நீ உன் குழுவோடும் பெட்டிகளோடும் வந்து என்னைக் கடந்து வீட்டுக்குள் போனாய். பந்தலில் இருந்த ஒருவர், "சோறு போட்ட கைக்கு நன்றியோட வந்திருக்காக, பாருங்க" என்றார். நானும் அப்படியே எண்ணினேன். நெருங்கிய உறவுப் பிள்ளை என்பதால் பெண்களிருந்த கூடத்துக்குள் உன்னை யாரும் தடுக்கவில்லை. உன் பின்னால் வந்தவர்களையும் தடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்புகையில் வெள்ளையம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, சேகருக்குக் கை ஆறிருச்சா?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. "கட்டுப் போட்டிருந்தானே. பெருங்காயமா? ஒங்ககிட்டச் சொல்லலயா?" என்றாள். விபத்து எதையோ நீ மறைத்துவிட்டாயென்று கலங்கி உனக்கு எழுதினேன். "என் கைக்கு ஒன்றுமில்லை, அத்தை துக்கத்தில் குழம்பியிருப்பார்" என்று பதில் எழுதினாய். குழம்பியது அத்தை இல்லை என்பதை அந்த வரியை எழுதும்போதே நீ அறிந்திருந்தாயா, சேகர்? இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

புதிய மருதன் படம் வந்தபோது, அதற்கு முன்னால் உங்கள் ஆவணப்படத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். மன்றத்தார் அதை ‘நியூஸ் ரீலு' என்றார்கள். தங்கள் முகங்களைத் திரையில் காணும் ஆவலில் கொட்டகை நிறைந்து வழிந்தது. நான் சந்தேகத்தோடுதான் போய் உட்கார்ந்தேன். சூடம் கொளுத்துகிறவர்களைத் தாழ்வான கோணத்தில் எடுத்து, நெருப்பு முகங்களில் ஆடும்படி காட்டியிருந்தார்கள். மாமா வந்தார். "இருக்கான்யா! எங்குட்டும் போயிரல" என்றார். அத்தோடு வெட்டிவிட்டார்கள். ஒரு மனிதரின் நகைச்சுவையில் பாதியை நறுக்கினால் பைத்தியக்காரன் கிடைப்பான் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அடுத்து மருதன் குண்டடிபட்டு விழும் காட்சி. அதிலிருந்து ஒரு தாவலில், வாய் கோணி, கூந்தல் அவிழ்ந்து, அலறி அழும் ஒரு பெண்ணின் முகம் திரை முழுவதும் நிறைந்தது. கணீரென்ற ஒரு குரல் கேட்டது: "இந்தப் பெண் யாருக்காக அழுகிறாள்? ஒரு நிழலுக்காக."

முதலில் கொட்டகை சிரித்தது. விசிலும் எழுந்தது. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். சிரிக்கச்சொல்லித்தான் அந்தப் படம் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் அவள் கழுத்தோரமாக இன்னொரு பெண்ணின் கை தோளை வளைத்துக் கிடந்ததை நீங்கள் வெட்ட மறந்துவிட்டீர்கள். தரைச் சீட்டிலிருந்து யாரோ கத்தினார்: "யோவ், சிரிக்காதீகய்யா! அது கேதம்யா! கேத வீடுய்யா அது!" இன்னொரு குரல், "அடப்பாவிகளா, நம்ம சைக்கிள்கடை அக்காடா!" என்றது. பிறகு எழுந்த அமைதியை உன்னால் ஒலிப்பதிவு செய்திருக்க முடியாது. அந்த அமைதி கலைவதற்குள் மருதனின் பெயர் திரையில் ஓடி முடிந்துவிட்டது. அவனுக்காக வைத்திருந்த தேங்காய்களை யாரும் எடுக்கவில்லை.

காரைக்குடிக்கு அந்தக் கையின் பொருள் தெரியும். படம் அடுத்து ஓடிய ஊர்களுக்குத் தெரியாது. வெளியூர்க் கல்யாணம் ஒன்றில் யாரோ வெள்ளையம்மாளைக் காட்டி, "மருதனுக்கு மாரடிச்சவ இவதான்" என்றார்களாம். தெருக்குழாயடியில் ‘மருதன் பொண்டாட்டி' என்ற பெயர் அவள் காதுபடவே ஒலித்தது. கணவனைப் பறிகொடுத்தவளின் அழுகையை அவளிடமிருந்து பிடுங்கி, அவள் முகம் பார்த்தறியாத ஒரு நடிகனின் காலடியில் வைத்தீர்கள்.

உன்னிடம் விளக்கம் கேட்டேன். மூன்று வெவ்வேறு பதில்கள் எழுதினாய். ஒளிப்பதிவாளர் எனக்குத் தெரியாமல் எடுத்தார் என்றாய். படத்தொகுப்பு இயக்குநரின் உரிமை என்றாய். கடைசியாக, அந்த அழுகை ஒலி வேறெங்கோ பதிவு செய்யப்பட்டது, அத்தையின் குரலே அல்ல என்றாய். ஒரே குற்றத்துக்கு மூன்று மறுப்புகள் தருகிறவனை எந்த நீதிபதியும் ஐயுறுவார். ஆகவே நான் மறுபடியும் சென்று, இம்முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அழுகைக்குள் சொற்கள் இருந்தன. "எந்திரிச்சுப் பாருங்களே… ஒங்க மருமகன் வந்துருக்கானே… சே…" அந்த எழுத்தில் அழுகை சட்டென்று தாழ்கிறது. கணீர்க் குரல் மேலே ஏறுகிறது. ‘சே' என்பதற்கு அடுத்த எழுத்து என்னவென்று அழுத அவளுக்கும் உனக்கும் தெரியும், சேகர். கணவனிடம் உன் வரவைச் சொல்லி அழுதிருக்கிறாள் அவள். தமிழ் அறியாத உன் இயக்குநருக்கு எந்தச் சொல்லில் ஒலியைக் குறைக்க வேண்டுமென்று தெரிந்திருக்க வழியில்லை. உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எழுத்தெண்ணிக் கவனம் செலுத்தியிருக்கிறாய். அதில் ஒரு துளியை அவள் முகத்துக்குச் செலவிட்டிருக்கலாம். அந்த ‘சே'க்குச் சற்று முன்னால் ‘டொக்'கென்று ஒரு சத்தமும் கேட்டது. அது என்னவென்று எனக்கு அன்று புலப்படவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததை நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். நானும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளையம்மாள் கொட்டகைக்குப் போகத் தொடங்கினாள். தாலியிழந்து ஆண்டு திரும்பாதவள் படம் பார்க்கப் போகிறாள் என்று உறவே தூற்றியது. நான் நேரில் சென்று தடுத்தேன். அவள் சொன்னாள்: "அவுக பேசுறாக அண்ணே. அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவுல, தொண்டையச் செருமிட்டு, உசுரோட இருந்தப்பப் பேசுனாப்பலயே பேசுறாக. அதுக்குப் பின்னாடி என்னயக் காட்டிச் சிரிக்கிறாக. சிரிச்சுட்டுப் போகட்டும்." படம் ஊரைவிட்டுப் போகும்வரை அவள் போனாள். மருதன் படம் தொடங்கும் முன்பே எழுந்து வந்துவிடுவாளாம். வாயிற்காவலர், "அக்கா, படம் இனிமேத்தான்" என்றபோது, "எனக்கு முடிஞ்சிருச்சுப்பா" என்றாளாம்.

இவ்வளவும் மனத்தில் இருக்க, உன் விருப்பப்படி முதல் அழைப்பிதழோடு அவள் வீட்டுக்குச் சென்றேன். கேதம் கேட்காதவன் கல்யாணத்துக்கு அழைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். நீ உள்ளே போனதை நான் கண்ணால் கண்டவன். கேட்டுவிட்டாய் என்று நம்பித்தான் போனேன். தட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"சேகரு கேதமே கேக்கலயே அண்ணே" என்றாள்.

"வந்தானேம்மா. நீகூட அவன் பேரைச் சொல்லி அழுதியே."

"வந்தான். அழுத கண்ணுக்கு ஒண்ணுந் தெரியல. முன்னாடி நீட்டிக்கிட்டு நின்னான். நானும் தொட்டேன். துணி சுத்தியிருந்துச்சு. அய்யோ, புள்ள கையில காயம் போலயிருக்கு, கட்டோட வந்திருக்கானேன்னு அந்த அழுகையிலயும் நெனச்சேன். நியூஸ் ரீலப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு. என் கை மேல போகுது, ‘டொக்'குங்குது. கம்பி நுனியில நீட்டுன மைக்கு. அது கையில்ல அண்ணே."

நான் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.   இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. நான் ஆருக்காக அழுதேன்னு மட்டும் தெளிவாப் போடுங்க" என்றாள். போட்டுவிட்டேன். அவள் சோலைமலைக்காக அழுதாள்.

உங்கள் படம் வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போகவிருப்பதாக உன் தாயிடம் சொல்லியிருக்கிறாய். அந்த முகம் கடல் கடந்து போகக் கூடாது. வெட்டத் தெரிந்த உங்களுக்கு இன்னொரு வெட்டு சிரமமாக இராது. மாமா பேசிய ஒலிநாடா முழுவதும் உன்னிடம்தான் இருக்கும். அந்தச் சிரிப்புவரைக்கும், உன் சிரிப்பு உட்பட, எனக்கு அது வேண்டும். அதைக் கேட்பதற்கான கருவியை நான் வாங்கி அவள் வீட்டில் வைத்துவிட்டேன். உன்னை மணக்கப்போகும் பெண்ணுக்கும் இந்தக் கடிதத்தின் படி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். தன் பெயர் வருகிற இடத்தில் மட்டும் அடுத்தவர் குரலைத் தாழ்த்திவிடும் ஒருவனோடு வாழப்போகிறவள் அதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. என்னைக் கொடியவன் என்பாய். ஏற்றுக்கொள்கிறேன்.

அழைப்பிதழ்க் கட்டு சாமி படத்தின் முன்பே இருக்கிறது. திருப்பிக் கொண்டுவந்த முதல் அழைப்பிதழையும் அதிலேயே வைத்துவிட்டேன். அதன்பின் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை. எடுக்கப்போவதும் இல்லை, நீ வந்து போகும்வரை. காரைக்குடி நிலையத்தில் இறங்கி நேரே அத்தை வீட்டுக்குப் போ. ஒலிநாடாவை வாசலிலேயே வைத்துவிடு, பிறகு கொடுக்கலாம். உள்ளே போய் அவள் முன்னால் நில். அவள் அழலாம், திட்டலாம், பேசாமலும் இருக்கலாம். இரண்டு கைகளையும் நீட்டு. அவள் தொட்டுப் பார்த்து, அவை கைகள்தாம் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளட்டும்.

உன் தந்தை